இல்லாத தொட்டி

அந்தத் தொட்டியைத் தோண்டி எடுத்து இந்த அறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். குதிரை லாயத்துக்குப் பின்னால், சாணக் குவியலுக்கும் வேலிக்கும் நடுவே, வைக்கோலுக்கு அடியில் இருக்கிறது. உப்புப் பன்றிக்கறி வந்த பீப்பாயைப் பாதியாக அறுத்துப் புதைத்தது. வாயில் சாக்குத் துணி கட்டியிருக்கும். கொஞ்சம் நாறும். சன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

தேநீருக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

இப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆன்ட்லர் கிரீக்குக்கு நான் வாத்தியாரம்மாவாக வந்து இறங்கிய அன்றே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஹெட்டி ட்ரஸ்காட் என் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"என்ன வேணும்னாலும் கேளு, மோரக். விறகு கேளு, சுண்ணக்கட்டி கேளு, எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டுக்கூடக் கேளு, அவருதான் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு. போலீஸ் லாயத்துக்குப் பின்னால வைக்கோலுக்கு அடியில என்னன்னு மட்டும் கேக்காத. யாரு என்ன கொண்டு வந்தாலும், எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காத. கேட்டேன்னா ஒரு பிள்ளையும் உன் பள்ளிக்கூடத்துக்கு வராது."

நான் சரி என்றேன். வின்னிபெக் ஆசிரியர் கல்லூரியில் படித்துத் தேறி வந்தவள், ஊர்ப் பழக்கம் என்றால் ஊர்ப் பழக்கம். எங்கள் வம்சத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் அப்பா டூகல் கில்லிஸ் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் கோடு போடுவார். அதுவும் கோணலாக இருக்கும். ஹெப்ரிடீஸ் தீவில் நிலச்சுவான்தாரின் ஆட்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டபோது, வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் அதே கோட்டைப் போட்டுவிட்டுக் கப்பலேறியவர். அதனால்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்கு வேலை கிடைத்த ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் எடுத்து, மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டார். ஊரிலிருந்து நடந்தால் ஒரு காலைப்பொழுது ஆகும். பள்ளி நடக்கும் நாட்களில் நான் ட்ரஸ்காட் வீட்டில் தங்கினேன்.

நீங்கள் ரெஜினா தலைமையகத்திலிருந்து வந்ததிலிருந்து ஊரையே கூப்பிட்டு விசாரித்துவிட்டீர்கள். ஒருவராவது தொட்டி என்று வாய் திறந்தார்களா? திறக்க மாட்டார்கள். உங்கள் சார்ஜென்ட் பிரிஸ்கோவும் திறக்க மாட்டார். அதனால் நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மதுவிலக்குக்காரி இல்லை. அதை முதலில் எழுதுங்கள். கவர்னர் கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு விஸ்கி வைத்திருக்கக் கூடாது என்று தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்துகொண்டு சட்டம் போட்டவர்கள், ஜனவரியில் இந்தப் புல்வெளியில் ஒருநாள் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டால், அது வருவதற்குள் நோயாளி பிழைத்தே எழுந்துவிடுவான், இல்லையென்றால் புதைத்து முடித்திருப்பார்கள். அதனால் ஊர் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. முட்டையை ஊசியால் துளைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு விஸ்கி நிரப்பி மெழுகு வைத்து அடைத்து வரும். ஓட்ஸ் மூட்டைக்குள் பீப்பாய் வரும். எதுவும் வராத மாதத்தில், சாராயம் கலந்திருந்தால் போதுமென்று எதையும் குடிப்பார்கள்; கடைக்காரரிடம் வலி நிவாரணி தீர்ந்துபோகும், எலுமிச்சை சாரம் தீர்ந்துபோகும். என் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை தங்காது. பிள்ளைகளின் தவறுகளைக் கறுப்பு மையில்தான் திருத்தியிருக்கிறேன்.

பிடிபட்ட சரக்கை சாட்சிகள் முன்னால் மண்ணில் கொட்ட வேண்டும் என்பது சட்டம். சார்ஜென்ட் பிரிஸ்கோ சட்டத்தை மீறியதே இல்லை. எப்போதும் ஒரே இடத்தில் கொட்டுவார். லாயத்துக்குப் பின்னால். ஊர் ஆண்கள் எல்லாரும் சாட்சிக்கு வருவார்கள். அதற்கு 'அடக்கம்' என்று பெயர். பீப்பாயின் அடைப்பானைச் சுத்தியலால் தட்டியதும் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். பைக் என்கிற கொல்லன் மூக்கைச் சிந்தி அழுகிற மாதிரி நடிப்பான்.

"பாவம், சாகுற வயசா இது? ஒரு வருஷம்கூட ஊறலையே!"

"நல்ல ஆத்மா. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்ல," என்பார் ட்ரஸ்காட்.

"வாயை மூடுங்கடா. மகாராணி பேர்ல கொட்டுறேன், மரியாதையா நில்லுங்க," என்பார் சார்ஜென்ட், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வைக்கோல் வழியாக இறங்கி, சாக்கில் வடிகட்டி, தொட்டியில் சேரும். சாணத்தின் சூட்டில் எந்தக் குளிரிலும் உறையாது. மறுநாள் காலை வந்து மொண்டுகொள்வார்கள். அதற்கு 'உயிர்த்தெழுதல்' என்று பெயர். சிரிக்காதீர்கள் இன்ஸ்பெக்டர், நானும் முதலில் சிரித்தேன். சார்ஜென்ட் அந்தத் தொட்டிச் சரக்கைத் தொட மாட்டார். கொட்டுவதற்கு முன்பே, பீப்பாயிலிருந்து நேராக, சுத்தமாக, தன் பங்கை எடுத்துக்கொண்டிருப்பார். இதுவும் எனக்குத் தெரியும். பின்னால் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன்.

போன வருடம் ஜனவரியில் என் அப்பா ஊருக்கு வந்தார். எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொண்டுவந்திருந்தார். தீவுக்காரர்களில் ஆண்களும் பின்னுவார்கள். அன்று உயிர்த்தெழுதல். ட்ரஸ்காட்டும் பைக்கும் அவரையும் கூட்டிப் போனார்கள். அவருக்கு எங்கள் தீவு மொழியான கேலிக் தவிர வேறொன்றும் சரியாக வராது. யாராவது கூப்பிட்டால் போதும், சந்தோஷமாகப் பின்னால் போவார். பிற்பகலில் தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அதே வழியில் ட்ரஸ்காட்டும் பைக்கும் பனிச்சறுக்கு வண்டியில் விறகுக்குப் போனார்கள். அவரைத் தாண்டித்தான் போனார்கள்.

மறுநாள் காலையில் வண்டிக்காரன் நார்சீஸ் டெலோர்ம் அவரைக் கண்டுபிடித்தான். வேலிக் கம்பத்தில் சாய்ந்து, உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். நார்சீஸ் தன் எருமைத் தோல் போர்வையைப் போர்த்தி அவரைத் தன் வண்டியில் ஏற்றி, குதிரைகளை மெதுவாக நடத்திக்கொண்டு என்னிடம் வந்தான். பள்ளி வாசலில் நின்று, பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடச் சொன்னான். "இதுங்க பாக்க வேணாம், மாம்செல்" என்றான், தன் பிரெஞ்சு மரியாதையோடு. இந்த ஊர் அவனைக் கலப்பு ரத்தம் என்றுதான் கூப்பிடும். பெயர் தெரியாதவர்கள் மாதிரி.

அடக்கத்தின்போது ட்ரஸ்காட் என்னிடம் வந்தார். நிஜ அடக்கத்தின்போது.

"வண்டில ஏறச் சொன்னோம்மா. நடந்தே போறேன்னாரு. பெரியவரு பிடிவாதக்காரரு."

"எந்த மொழியில சொன்னாரு?" என்று கேட்டேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நான் சார்ஜென்டிடம் போனேன். அப்பா சாராயத்தால் செத்தார், அந்தச் சாராயம் உங்கள் லாயத்துக்குப் பின்னாலிருந்து வந்தது, அப்படியே எழுதுங்கள் என்றேன். சார்ஜென்ட் கோபப்படவில்லை. நாற்காலி போட்டார். பரிவாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா மோரக், நீ படிச்ச பொண்ணு. நான் கொட்டினதுக்குச் சாட்சி இருக்கு. கொட்டின சரக்கு சட்டப்படி இல்லாத சரக்கு. இல்லாத ஒண்ணை மனுஷன் எப்படிக் குடிப்பான்? குடிச்சு எப்படிச் சாவான்? குளிர்னு எழுதிக்கிறேன். குளிர்னா மரியாதை. ஊர்ல யாருக்கும் சங்கடமில்ல."

வெளியே வந்தபோது பைக் தன் பட்டறை வாசலில் நின்றுகொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "கிழவனுக்கு என்ன மரியாதைடா! செத்தும் தொப்பியை எடுத்துட்டுத்தான் செத்திருக்கான்," என்றான். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றது. ட்ரஸ்காட்டும் அங்கேதான் இருந்தார்.

நான் அன்றைக்கு அழவில்லை. யோசித்தேன். கல்லூரியில் எனக்குத் தர்க்கத்தில் முதலிடம். சார்ஜென்ட் சொன்னதை எந்தப் பக்கமிருந்து உடைத்துப் பார்த்தாலும் உடையவில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது. கொட்டின சரக்கு இல்லை. எனவே தொட்டியும் இல்லை. எனவே என் அப்பாவை யாரும் கொல்லவில்லை. ஒரு வருடம் இதை மனதுக்குள் புரட்டிக்கொண்டே ட்ரஸ்காட் வீட்டு மேசையில் சாப்பிட்டேன். ஹெட்டி எனக்கு எப்போதும் ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தைத்தான் தருவாள். எனக்கு அது பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தாள். நல்லவள். அவள் மகள் வின்னி என் மடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவாள்.

பிறகு மெல்ல மெல்ல அந்த வாக்கியத்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. இல்லாத ஒன்றைக் குடித்து யாரும் சாக முடியாது என்றால், இல்லாத ஒன்றில் யார் எதைப் போட்டாலும் அது குற்றமாக முடியாது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

இந்த மார்ச்சில் நார்சீஸின் வண்டியை மடக்கினார்கள். ஓட்ஸ் மூட்டைக்குள் பீப்பாய். முழுப் பீப்பாய், அடைப்பான்கூடப் பிரிக்காதது. ஊரே பார்த்தது. சார்ஜென்ட் வழக்கம்போல அடக்கம் செய்தார். பைக் வழக்கம்போல மூக்கைச் சிந்தினான். நார்சீஸ் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் அதிலிருந்து யாருக்கும் ஒரு குவளை விற்கவில்லை. விற்றிருக்க முடியாது. இப்போது சார்ஜென்ட் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்? பிடிபடுவதற்கு முன்பே அவன் கெட்டுப்போன சரக்கை ட்ரஸ்காட்டுக்கும் பைக்குக்கும் விற்றுவிட்டான், அதைக் குடித்துத்தான் செத்தார்கள் என்று. பிரிக்காத பீப்பாயிலிருந்து எப்படி விற்பான்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் அடுத்த கேள்வி தொட்டியில்தான் போய் நிற்கும். அதனால் நீங்கள் கேட்கவில்லை. அவனை இன்று ரெஜினாவுக்கு ஏற்றுகிறீர்கள். அங்கே தூக்கு மேடையை என்ன மரத்தில் செய்வார்கள் என்பதுவரை பட்டறைப் பக்கம் பேசிக்கொள்கிறார்கள்.

அதனால்தான் வந்தேன். செய்யாத தப்புக்கு ஒருவன் தொங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதுவும் என் அப்பாவைப் போர்த்தியவன்.

நார்சீஸின் பீப்பாயை அடக்கம் செய்த அன்று மாலை, பள்ளி விட்டதும், சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போனேன். வாளியில் சாம்பலுக்கு அடியில், ஓநாய்களைக் கொல்ல வைக்கிற விஷ மருந்து டப்பா இருந்தது. அப்பா வீட்டில் இருந்தது. இந்தப் பக்கத்தில் அந்த டப்பா இல்லாத வீடு எது? ஒரு காவலாள் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். இங்கே என்ன செய்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? இல்லாத இடத்தில் ஒருத்தி என்ன செய்ய முடியும்? சாக்கை விலக்கிப் போட்டேன், மூடினேன், சாம்பலைக் குவியலில் கொட்டிவிட்டு வந்தேன். அந்தச் சரக்கு எப்போதுமே கசக்கும். வைக்கோல், சாக்கு, புகையிலை. யாரும் கசப்பைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஒரு பலகை எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன், நம்புங்கள். விஷம் என்று. ஆனால் தொட்டி இல்லாத இடத்தில் பலகை எதன்மேல் வைப்பது?

எச்சரிக்கவில்லை என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது. இந்த ஊரில் நான் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுத்த முதல் சொல் அந்த டப்பாவின் மேல் இருக்கும் சொல்தான். வீட்டுக்கு வீடு இருக்கிறதே, பிள்ளைகள் தொடக் கூடாதே என்று. வகுப்பில் அதை முதலில் வாசித்தது வின்னி ட்ரஸ்காட். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் காற்றோடு வாசித்தாள். எல்லாரும் கைதட்டினோம்.

சார்ஜென்டைக் கொல்லத்தான் போட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் தொட்டிச் சரக்கைத் தொட மாட்டார் என்று முன்பே சொன்னேன். ஓநாய்களுக்காகப் போட்டேன் என்று கொஞ்சநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். சாணக் குவியலுக்கு ஓநாய்கள் வருவதுண்டு. ஆனால் நீங்கள் அதை எழுத வேண்டாம். ட்ரஸ்காட்டுக்காகவும் பைக்குக்காகவும் போட்டேன். வண்டியில் என் அப்பாவைத் தாண்டிப் போனவர்கள். தொப்பியைச் சொல்லிச் சிரித்தவர்கள். வேறு யாராவது அன்று முதலில் மொண்டிருந்தால்? இருந்திருக்கலாம். அதைப் பற்றியும் யோசித்திருந்தேன். அன்று சாட்சிக்கு நின்றவர்களில் தொப்பியைக் கழற்றாதவர் யாருமில்லை.

மறுநாள் காலையில் ட்ரஸ்காட் குடித்தார். பைக் குடித்தான். மதியத்துக்குள் முடிந்தது. நான் வகுப்பில் பெருக்கல் வாய்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். பட்டறையில் சம்மட்டிச் சத்தம் சட்டென்று நின்றது. பிள்ளைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. பாடம் தெளிவாகக் கேட்டது. பிறகு ஆட்கள் ஓடுகிற சத்தம். நான் சன்னலைச் சாத்திவிட்டு ஏழாம் வாய்பாட்டை மறுபடி சொல்லச் சொன்னேன்.

என்ன சொல்கிறீர்கள்?

ஆமாம். எனக்கு நீங்கள் இதைச் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் ஒருமுறை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது. "டீச்சரம்மா, நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க. அப்பா போன துக்கம். வீட்டுக்குப் போய்ப் படுங்க. தொட்டின்னு ஒண்ணு அங்க இல்ல." சார்ஜென்ட் சொன்னதையே கொஞ்சம் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறீர்கள். புரிகிறது. தொட்டி இருக்கிறது என்று எழுதினால், அதைப் புதைத்தது யார், அதன்மேல் இத்தனை வருடம் மகாராணி பெயரால் கொட்டியது யார் என்று எழுத வேண்டும். ஒரு கலப்பு ரத்தக்காரனைத் தூக்கில் போட்டால் இதில் எதையும் எழுத வேண்டாம். கணக்கு நேராகத்தான் வருகிறது.

ஆனால் உங்களுக்கு இன்னும் ஒன்று தெரியாது. செத்தவர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள்.

வின்னிக்கு அந்த வாரம் தொண்டை கட்டிக் காய்ச்சல். மூச்சு விடும்போது கதவு கிறீச்சிடுகிற மாதிரிச் சத்தம் வரும். முந்தின நாளே ஹெட்டி இந்த அலுவலகத்துக்கு வந்து, பாசறை மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு வாய் பிராந்தி கேட்டாள். பெர்மிட் எங்கே என்று சார்ஜென்ட் கேட்டார். ஹெட்டி கெஞ்சியிருக்கிறாள். "உனக்குக் குடுத்தா ஊருக்கே குடுக்கணும் ஹெட்டி, சட்டம்னா சட்டம்தான்" என்றிருக்கிறார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சட்டம் என்பதில் அவர் குறியாக இருந்தார்.

அதனால் ட்ரஸ்காட் மறுநாள் காலையில் முதல் ஆளாகத் தொட்டிக்குப் போனார். அவர் அங்கே குடிக்கவில்லை. ஒரு தகரக் குவளையில் மொண்டு, மூடி, சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு முதலில், பிறகுதான் தனக்கு. மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். குவளையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பவும் லாயத்துக்குப் போனார்.

நான் அதே மேசையில்தான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். குவளை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹெட்டி வெல்லப்பாகு ஜாடியை எடுத்து வந்தாள். ஒரு கரண்டி பாகில் அந்தச் சரக்கைக் கலந்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது. இன்னும் கொஞ்சம் பாகு விட்டா குடிச்சிடுவாளா மோரக்? உன் பேச்சைன்னா கேப்பா. நீ வந்து கொஞ்சம் சொல்லேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி என் வாயில் இருந்தது. நாக்கு நுனியில் அதன் எடை எனக்கு இப்போதும் தெரிகிறது. ஆனால் அதைக் கேட்டால் அவள் திரும்பக் கேட்பாள், ஏன் கேட்கிறாய் என்று. அப்போது தொட்டியைப் பற்றிப் பேச வேண்டும். ட்ரஸ்காட்டை ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். பைக்கைத் தடுக்க வேண்டும். ஒரு வருடம் யோசித்துச் செய்தது வீணாகும். தட்டிவிட்டிருக்கலாம், கை தவறின மாதிரி. அதையும் யோசித்தேன். கஞ்சி ஆறுகிற நேரம் இருந்தது எனக்கு. யோசிப்பதற்கு அது நிறையவே போதும்.

"நேரமாயிடுச்சு ஹெட்டி, மணி அடிக்கணும்" என்றேன். பள்ளி மணியை எடுத்துக்கொண்டேன், நாக்கு ஆடாமல் உள்ளே விரலை விட்டுப் பிடித்துக்கொண்டேன், குழந்தை தூங்கினால் எழுந்துவிடக் கூடாது என்று. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

தொண்டை நோயில் போனாள் என்று ஊர் நினைக்கிறது. நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். ஹெட்டிக்கு மட்டும் தெரியும். தன் கையால் கொடுத்தோம் என்று தெரியும். நார்சீஸின் கெட்ட சரக்கு என்று நம்புகிறாள். அதை யாரிடமும் சொல்ல அவளால் முடியாது, சொன்னால் தொட்டியைச் சொல்ல வேண்டும். அந்தக் கரண்டியை அவள் கழுவவே இல்லை. அலமாரியில் தனியாக வைத்திருக்கிறாள். நான் இன்னும் அதே வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், பாருங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ரொட்டியின் ஓரத்தை இப்போதும் எனக்குத்தான் தருகிறாள். வின்னியின் இடத்தில் வகுப்பில் யாரையும் நான் உட்கார வைக்கவில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். நல்லது. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்துதான் வந்தேன். உள்ளே வரும்போது நான் மேல்கோட்டைக் கழற்றாததை நீங்கள் கவனிக்கவில்லை. வாசலில் ஒரு மண்வெட்டி சாய்த்து வைத்திருக்கிறேன், அதையும் கவனித்திருக்க மாட்டீர்கள். மற்ற இடமெல்லாம் மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. சாணக் குவியல் பக்கம் மட்டும் இளகியிருக்கும், சுலபமாகத் தோண்டலாம்.

முற்றத்தில் இந்நேரம் ஊரே கூடியிருக்கும். நார்சீஸை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்க. கையில் விலங்கு போட்டுவிட்டீர்களா? அவனுக்குக் கையுறை கொடுக்கச் சொல்லுங்கள், ரெஜினா வரை போகத் தேவையில்லாவிட்டாலும் குளிர் குளிர்தான். நான் லாயத்துக்குப் பின்னால் போய்த் தோண்டுவேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் ஆட்கள் என்னைத் தடுக்க வேண்டுமென்றால், எதைத் தோண்டவிடாமல் தடுக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும். சார்ஜென்டின் தர்க்கத்தில் எனக்குப் பிடித்தது அதுதான், இருபுறமும் வெட்டுகிறது.

எழுந்திருக்க வேண்டாம். கதவை நானே திறந்துகொள்கிறேன். தேநீரை மிச்சம் வைத்துவிட்டேன், மன்னிக்கவும், கொஞ்சம் கசந்தது.

அதோ, கறுப்புச் சால்வையோடு வேலி ஓரமாக நிற்கிறாளே, அவள்தான் ஹெட்டி. முதலில் அவளிடம் போய் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லப்போகிறேன், உங்களிடம் சொன்ன மாதிரியே, வரிசையாக. குவளையைப் பற்றியும், கஞ்சியைப் பற்றியும். அவள் என்மேல் கோபப்பட மாட்டாள். நியாயம் தெரிந்தவள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.